உப்பு பூத்த சுவரும் எங்கள் அக்காவும்

வேலவனை மனதில் நினைத்து, அக்காவின் முதலாம் ஆண்டு நினைவுக்கு வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும், தம்பியாகிய நான் எனக்குத் தெரிந்த அளவில் எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது ஆம்பூர் பக்கம், பாலாற்றங்கரையில். அம்மா சீக்கிரமே போய்விட்டதால் படிப்பு நின்றது. கொத்தனாரான மாமாவுக்கு வாழ்க்கைப்பட்டு, அவரோடேயே சித்தாளாகக் கலவை சுமந்தார். மாமாவும் போனபின் எங்கள் வீட்டுக்கு வந்து, படுத்துவிட்ட அப்பாவைப் பார்த்துக்கொண்டார்.

அப்பா தோல் பதனிடும் ஷாப்பில் உழைத்து நெஞ்சு கெட்டவர். அவர் படுக்கும் அறைச் சுவரில் உப்பு பூக்கும். வீடு கட்டியபோது இருந்தது உப்புத் தண்ணீர் போர்தான். செங்கல் நனைத்ததும் கலவை குழைத்ததும் அதில்தான். நாங்கள் மேலே சிமெண்ட் பூசினோம். அடைபட்ட ஈரம் இன்னும் உயரே ஏறி, பூச்சை உதிர்த்தது. தூள் அப்பா மேல் விழும், இருமல் நிற்காது. வேறு அறையும் எங்களுக்கு இல்லை.

“சிமெண்ட பேத்துட்டு சுண்ணாம்பு பூசலாம்டா. அது ஈரத்த உள்ள வெச்சிக்காது, வெளிய விட்டுடும்” என்றார் அக்கா.

லோடு ஆட்டோ ஓட்டும் பக்கத்து வீட்டு பாயிடம் சுண்ணாம்பு கேட்டோம். எங்கள் ஊரில் சுண்ணாம்பு என்றால் தோலில் முடி கழற்றுவதுதானே! பாவம், தோல் ஷாப்பில் கழித்துப் போட்டதையே மூட்டை மூட்டையாக இறக்கிவிட்டார். முடியும் நாற்றமுமாக இருந்தது.

“இன்னா பாய், வூட்டையே ஊறப்போட்டு ஷூ தெச்சிடலாம்னு பாக்கறியா? உப்பு போவணும்னு கேட்டா, உப்புத் தோல் ஊறினதையே கொண்டாந்துட்டியே!”

“நீதானேக்கா சுண்ணாம்புன்ன. பூசறதுக்குன்னு சொன்னியா?” என்று அவரும் விடவில்லை. மறுநாளே நல்ல சுண்ணாம்புக்கல் கொண்டுவந்தார்.

அதை நீற்றவும் குழைக்கவும் போர் தண்ணீர் ஆகாது. அக்கா கேன் தண்ணீரை எடுத்தார். என் மனைவிக்கு மனசு கேட்கவில்லை.

“குடிக்கிற தண்ணிய செவுத்துக்கு ஊத்தறீங்களே, அண்ணி?”

“ஒன் மாமனாருக்குத்தாம்மா ஊத்தறேன்.”

சுண்ணாம்பு சிமெண்ட் போல சட்டென்று இறுகாது. ஈரச் சாக்கு போட்டுக் காத்திருந்தோம். அதுவரை அப்பா சமையலறையில் படுத்திருந்தார். அறைக்குத் திரும்பியபின் இருமல் கம்மியானது. முழுக்கப் போகவில்லை. ஒவ்வொரு மழைக்குப் பின்னும் அடிச்சுவரில் உப்பு வரும். அக்கா சுரண்டிவிட்டு மறுபடி பூசுவார். விரல்களெல்லாம் வெடித்திருக்கும்.

அப்பாவுக்கு முன்னால் தன்னைக் கூப்பிட்டுவிடக் கூடாது என்பது ஒன்றுதான் அவர் முருகனிடம் கேட்டது. கூப்பிட்டுவிட்டான். காய்ச்சல் என்று படுத்தவர் எழவில்லை. ஏன் என்று கேட்க எனக்கு ஞானம் போதாது.

ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போன பாய்க்கும், கூடவே இருந்து பார்த்த சித்தாள் சகோதரிகளுக்கும், தோள் கொடுத்த அனைவருக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறோம்.

ஒரு வேண்டுகோள். அப்பா அதே அறையில்தான் இருக்கிறார். ஞாபகம் தப்பிவிட்டது. அக்கா எங்கே என்பார். சொன்னால் அழுது மூச்சு வாங்குகிறது. பிறகு மறந்துபோய் மறுபடி கேட்கிறார். இனியும் சொல்ல எங்களுக்குத் தெம்பில்லை. வேலைக்குப் போயிருக்கிறார் என்கிறோம். இந்த நினைவு மலரின் அட்டையில் அக்காவின் படம் இருக்கிறது. அப்பாவைப் பார்க்க உள்ளே போகும்போது, தயவுசெய்து இதை வெளியிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.