நான்ஸ்டிக் தவா

கிறிஸ்துமஸ் வந்தால் வீட்டுக்கு பெயிண்ட் அடித்தே தீர வேண்டும் என்பது எங்கள் வழக்கம். மனைவி போய் மூன்று வருடமாகிறது, யாரும் வரப்போவதும் இல்லை. இருந்தாலும் வீம்புக்கு பெயிண்டரை வரச் சொன்னேன். கிழக்குத் தாம்பரத்து வீட்டில் அப்போது இருந்தது நானும் ஒரு பச்சை லவ் பேர்டும்தான். கனடாவிலிருந்து மகள் தினமும் மாலையில் கூப்பிடுவாள். என்னிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, "அதுகிட்ட குடுங்கப்பா" என்பாள். கூண்டருகே போனைப் பிடிப்பேன். அது விசிலடிக்கும், அவள் சிரிப்பாள். நாள் முழுக்க நான் காத்திருந்தது அந்தச் சிரிப்புக்குத்தான்.

பெயிண்ட் வாடை பறவைக்கு ஆகாது. வாத்தியாராக இருந்தவனுக்கு இதுகூடத் தெரியாதா? கூண்டைச் சமையலறைக்கு மாற்றினேன். ஜன்னலையும் கதவையும் சாத்தி, கதவிடுக்கில் ஈரத்துண்டைத் திணித்தேன்.

தோசை வார்க்கலாமென்று, மகள் போன தடவை வாங்கி வந்த நான்ஸ்டிக் தவாவை வெறுமனே அடுப்பில் வைத்துத் தீயைக் கூட்டினேன். கல் நன்றாகக் காய வேண்டும், தண்ணீர் தெளித்தால் சுர்ரென்று துள்ள வேண்டும். இரும்புக் கல்லில் மனைவி அப்படித்தான் வார்ப்பாள். அதற்குள் ஹாலிலிருந்து பெயிண்டர் கூப்பிட்டார்.

"சார், கலர் கொஞ்சம் டார்க்கா கீது. வந்து பாத்துட்டு சொல்லு சார்."

கதவைச் சாத்திவிட்டுப் போனவன் அவரோடு வாக்குவாதத்தில் இறங்கிவிட்டேன். பேச ஆள் கிடைத்தால் எனக்கு லேசில் நிறுத்த வராது.

திரும்பி வந்தபோது மெல்லிய புகைதான் இருந்தது. பறவை கூண்டுத் தரையில் செத்துக் கிடந்தது.

மேடவாக்கத்தில் பறவைகளைப் பார்க்கும் டாக்டருக்கு போன் செய்து நடந்ததைச் சொன்னேன்.

"வெறும் தவாவா காஞ்சுது? அந்த கோட்டிங் ரொம்ப சூடானா வர்ற புகை பறவைக்கு விஷம் சார். பெயிண்ட் வாடையவிட மோசம்," என்றார்.

பெயிண்டர்தான் பின்பக்கம் முருங்கை மரத்தடியில் குழி தோண்டினார். என் பழைய கைக்குட்டையில் சுற்றிப் புதைத்தேன். அழுதேன், அவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மாலையில் மகள் கூப்பிட்டாள்.

"தவா யூஸ் பண்றீங்களாப்பா, இல்ல பரண்லயே கெடக்குதா?"

"தோசை எல்லாம் இப்ப அதுலதாம்மா."

ஆசையாக வாங்கிவந்து கொடுத்தவளிடம் வேறென்ன சொல்வது?

"சரி, அதுகிட்ட குடுங்க."

"தூங்குதும்மா. துணி போட்டு மூடிட்டேன்."

"அப்படியா? அப்ப நாளைக்குப் பேசறேன்ப்பா," என்று வைத்துவிட்டாள்.