வண்டி ஒரு நடை, ஆள் ஒரு நடை

சீவலப்பேரி ரோட்டில் திருநெல்வேலிப் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். வேட்டி இன்னும் ஈரம். டவுன் பஸ் ஒன்று கை காட்டியும் நிற்காமல் போயிற்று. பின்னால் ஆற்றில் படகு கிளம்பும் விசில் கேட்டது. ஊதியது படகோட்டி அண்ணாச்சி இல்லை. அவரை அன்று மத்தியானம் வேலையிலிருந்து நிறுத்தியிருந்தார்கள்.

வெள்ளத்தில் தரைப்பாலம் போனபின், ஒரு காண்டிராக்டர் இரண்டு படகுகளைச் சேர்த்துக் கட்டி, மேலே பலகை அடித்து, ஆட்களையும் பைக்குகளையும் அக்கரைக்குக் கொண்டுபோய் விட்டுக்கொண்டிருந்தார். அண்ணாச்சி ஓட்டுவார், நான் கயிறு இழுப்பேன். போகிற வழியில் கிடைத்த வேலை. அண்ணாச்சி அதிகம் பேச மாட்டார். ‘வண்டி ஒரு நடை, ஆள் ஒரு நடை’ என்பதை மட்டும் நாள் முழுக்கச் சொல்வார். பைக் நடுப்பலகையில்தான் நிற்க வேண்டும், பெட்ரோலை அடைக்க வேண்டும், சக்கரத்தைக் கயிற்றால் கட்ட வேண்டும். கூட்டத்துக்குள் ஒரு பைக் சரிந்தால் ஜனம் மொத்தமும் மறுபக்கம் ஒதுங்கும், படகு அந்தப் பக்கமே கவிழும் என்பார். பாலம் இன்னும் கட்டவில்லை. படகு கவிழ்ந்ததாகவும் இதுவரை கேள்விப்படவில்லை. கவிழாதவரை அவர் பேச்சை யாரும் நம்பப் போவதில்லை. கவிழ்ந்தபின் நம்பி யாருக்கு என்ன?

கரையில் காத்துக் கிடந்தவர்கள் அவரைத்தான் ஏசினார்கள். “ஏன் அண்ணாச்சி, நீரு என்ன கப்பலா ஓட்டுதீரு?” என்று கேட்டார் அக்கரைப் பூக்காரர். அண்ணாச்சி கயிற்றை இறுக்கிக்கொண்டே, “கப்பல்னா எனக்கென்ன கவல வே? அது முங்க நேரம் ஆகும்லா” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். சிரித்தவர்களே காண்டிராக்டரிடம் போய்ப் புகாரும் சொன்னார்கள்.

காண்டிராக்டர் வந்து, ஆளையும் வண்டியையும் சேர்த்தே ஏற்றச் சொன்னார். அண்ணாச்சி மாட்டேன் என்றார்.

“அப்ப எறங்கும் வே.”

விசிலைக் கொடுத்துவிட்டு இறங்கினார். அவருக்கு வீடு அக்கரையில். வீட்டுக்குப் போவதென்றாலும் அந்தப் படகில்தான் போக வேண்டும். என்னை இருக்கச் சொன்னார்கள். எனக்கு நீச்சல் தெரியாது. சட்டையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

மறுநாள் காலையில் வண்ணார்பேட்டையில் ஒரு டீக்கடையில் கிளாஸ் கழுவச் சேர்ந்தேன். பூவைக் கடைகளுக்குப் போட்டுவிட்டு வந்த அந்தப் பூக்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

“ஏலே, நீ இங்கனயா நிக்கே? இப்ப எல்லாம் ஒரே நடைதான். காத்துக் கெடக்க சல்லியமே இல்ல.”

அண்ணாச்சி எப்படி வீட்டுக்குப் போனார் என்று கேட்டேன்.

“எங்ககூடத்தான் வந்தாரு. படகு நெறைய ஆளு, ஊடால பைக்கு. எவனோட பைக்கோ ஆடிட்டே இருந்துச்சு. கர வாற வரைக்கும் அதக் கட்டிப் பிடிச்சிட்டே நிக்காரு, கோட்டிக்காரரு மாதிரி.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். குடித்த கிளாஸை நீட்டினார். வாங்கிக் கழுவி வைத்தேன்.