நான் கைகாட்டிய வேலை

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, பண்டார் தெங்காரா பக்கம் நான் ஆசிரியையாக இருக்கும் இடைநிலைப்பள்ளியில் நடந்தது இது. பள்ளி முடிக்கப்போகும் ஐந்தாம் படிவ மாணவர்களிடம் வேலை அனுபவம் பற்றிப் பேச, பழைய மாணவி ஒருத்தியை அழைத்திருந்தேன். "வரேன் டீச்சர்" என்று மட்டும் பதில் அனுப்பினாள்.

செம்பனைத் தோட்டத்துப் பிள்ளை. பள்ளி முடித்த வருடம், இயந்திரம் பழுதுபார்க்கப் படிக்க வேண்டும் என்று தொழிற்கல்லூரி விண்ணப்பப் பாரத்தைக்கூட நிரப்பி வைத்திருந்தாள். பெண்பிள்ளைக்கு அது எதற்கு என்று, நான்தான் வீடு தேடிப் போய் அவள் அப்பாவிடம் பேசினேன். "ஆபீஸ் கிராணி, கணக்கு எழுதுற வேலைன்னா நிச்சயமான வேலைங்க. ஏர்கோன்ல உட்காந்து பாக்கலாம்" என்றேன். டீச்சரே சொல்லிட்டாங்க என்று அவர் தலையாட்டினார். அவள் நிரப்பிய பாரத்தை மடித்து வைத்துவிட்டாள். பிறகு தெப்ராவில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் சேர்ந்ததாகக் கேள்விப்பட்டு, பெருமையாக நாலு பேரிடம் சொல்லிக்கொண்டேன்.

அன்று மைக்கைப் பிடித்தவள், "எனக்கு இப்ப அந்த ஆபீஸ் வேலை இல்ல" என்றுதான் ஆரம்பித்தாள். ஆறு பேர் பார்த்த கணக்கு வேலையைப் புதிதாக வந்த கணினி முறை ஒன்றே பார்க்கத் தொடங்கியதாம். அதில் தப்பு வருகிறதா என்று சரிபார்ப்பதுதான் கடைசி சில மாதங்கள் இவர்களுக்கு வேலை. தப்பு வருவது நின்றதும் ஆறு பேரையும் அனுப்பிவிட்டார்கள். இப்போது விடியுமுன் பஸ் ஏறி, எல்லை தாண்டி, சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் பெட்டி கட்டுகிறாளாம்.

"அப்ப நாங்க என்னதான்கா படிக்கிறது?" என்று ஒரு மாணவி கேட்டாள்.

"தெரியலம்மா. ஆனா யாராச்சும் இது நிச்சயம்னு சொன்னா, எப்படித் தெரியும்னு ஒரு வார்த்த கேளுங்க. நான் கேக்கல."

என் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

பேச்சு முடிந்து கிளம்பும்போது வாசலில் அவள் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். இப்போதாவது அந்தப் படிப்பில் சேரு, நான் அலைந்து இடம் வாங்கித் தருகிறேன் என்றேன்.

"அப்பாவுக்கு வாரத்துல மூணு நாள் டயாலிசிஸ் டீச்சர். வேலைய விட்டுட்டு எங்க படிக்கிறது? நீங்க நல்லதுன்னு நெனச்சுத்தான் சொன்னீங்க."

கோபித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

இப்போதெல்லாம் பிள்ளைகள் வந்து கேட்டால், எனக்குத் தெரியாததைத் தெரியாது என்றே சொல்கிறேன். அந்த ஒரு வார்த்தையை அவளிடம் சொல்லாமல் போனது இன்னும் என்னை உறுத்துகிறது.