எதிர்ப்பக்கத்தில் கேட்ட குரல்

லிப்ட் மெக்கானிக்குக்குக் காது ரொம்பக் கூர்மை. கதவு மூடும் சத்தத்தை வைத்தே எந்த உருளை தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். இருபத்தாறு வருட வேலையில், பழுது என்று அவர் கைகாட்டிய இடத்தில் பழுது இல்லாமல் போனதே இல்லை. அந்தப் பெருமை மனுஷனுக்குக் கொஞ்சம் தலைக்கேறியும் இருந்தது.

சமையலறைக்கு அடுத்த சின்ன அறையில் அவருடைய ரேடியோ இருந்தது. அவரே செய்தது. அலையைப் பிடிப்பது மட்டும்தான் அந்தப் பெட்டியின் வேலை, மற்றதைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். பெட்டியிலிருந்து இடது, வலது என்று இரண்டு ஒலிகள் கம்ப்யூட்டருக்குப் போகும். இரண்டும் ஒரே அளவில் போனால்தான், பேசுகிறவர் திரையில் தெரியும் அலைவரிசையின் நடுக்கோட்டுக்கு மேலே இருக்கிறாரா கீழே இருக்கிறாரா என்பது அதற்குப் பிடிபடும். ஒன்று சற்றே கூடினாலும் போச்சு. மேலே பேசுகிறவரின் நிழல், அதே தூரத்தில் கீழேயும் மெலிசாகக் கேட்கும்.

இதெல்லாம் அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் அவசர அழைப்புகளுக்கு மட்டுமென்று ஒதுக்கிய அலைவரிசையில் மைத்துனன் குரல் கேட்டதும் எல்லாம் மறந்துபோனது. மைத்துனன் என்றால் இவர் மனைவியின் தம்பி, பேக்கரி வைத்திருப்பவன்; ரேடியோவில் பேச இவரைப் போலவே அவனுக்கும் லைசென்ஸ் உண்டு. அவன் பேச்சு புரிய, வழக்கமான பட்டனை விட்டுவிட்டு ஒலியைத் தலைகீழாகப் புரட்டும் எதிர்ப் பட்டனை அழுத்த வேண்டியிருந்தது. நிழல் என்றால் அப்படித்தான் தலைகீழாக விழும். இவரோ அதையும் அவன் கொழுப்பு என்றே எடுத்துக்கொண்டு, ரேடியோ கிளப்புக்குப் புகார் எழுதிப் போட்டார். ஞாயிறு மாலை விசாரணை. புகார் உறுதியானால் கிளப் மேலிடத்துக்கு எழுதும், அவன் லைசென்ஸ் போய்விடும்.

“அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?” என்றாள் மனைவி.

“கேக்க என்ன இருக்கு? என் காதால கேட்டேன்.”

“உங்க பொட்டியையும் ஒரு தடவ பாத்துடுங்களேன்.”

அவள் வாயை அடைப்பதற்காகவே ஞாயிறு மதியம் உட்கார்ந்தார். நாலு நாளாக மைத்துனன் சத்தமே இல்லை. பயந்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டார். வேறு யாரோ ஒருவர் பலமாகப் பேசிக்கொண்டிருந்தார். நடுக்கோட்டிலிருந்து அதே தூரம் எதிர்ப்பக்கம் போய்ப் பார்த்தார். அங்கேயும் அதே ஆள், மெலிசாக, தலைகீழாக.

அப்படியானால் அன்று கேட்டதும் மைத்துனனின் நிழல்தானோ? இடது ஒலியின் அளவைத் துளி குறைத்தார். நிழல் தேய்ந்தது. இன்னும் குறைத்தார், மறுபடி வளர்ந்தது. முன்னும் பின்னுமாக நகர்த்தி நகர்த்தி, வெறும் இரைச்சல் மிஞ்சும் இடத்தில் நிறுத்தினார். போன மாதம் இடது ஒலியின் அளவை நிர்ணயிக்கும் ரெசிஸ்டர் கருகியதும் அதற்குப் பதில் கைக்குக் கிடைத்ததைப் பற்றவைத்திருந்தார். அதற்குப் பிறகு அளந்து பார்க்கவே இல்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

சாப்பிடாமலே கிளம்பி மைத்துனன் வீட்டுக்குப் போனார். மேசைமேல் அவனுடைய ரேடியோ செட் அக்குவேறு ஆணிவேறாகக் கிடந்தது. அவன் கண்கள் சிவந்திருந்தன.

“வாங்க அத்தான். நாலு நாளா தேடுறேன், எங்க தப்புன்னே தெரியல.”

“எதுக்குடா பிரிச்ச?”

“நீங்களே எழுதியிருக்கீங்க. அப்ப இதுலதானே பழுது இருக்கணும்?”

மெக்கானிக் அவன் கையிலிருந்த ஸ்குரூடிரைவரை வாங்கி மேசைமேல் வைத்தார். “இதுல ஒண்ணும் இல்லடா. தப்பு என் பொட்டியில. கூட்டத்துல எல்லார் முன்னாடியும் நானே சொல்றேன்.”

மைத்துனன் இல்லையென்று தலையை ஆட்டினான்.

“அக்கா அனுப்பிச்சாளா? எனக்காகப் பொய் சொல்லாதீங்க அத்தான்,” என்று சொல்லிவிட்டு ஸ்குரூடிரைவரை மறுபடி கையில் எடுத்தான்.