மேலே எனக்கு ஆள் இருந்தது

எந்த அலுவலகத்துக்குப் போனாலும், உள்ளே தெரிந்தவர் யாராவது இருக்கிறாரா என்று முதலில் விசாரிக்கிற ஆள் நான். எங்கள் ஊரில் அதற்குக் கேபிள் என்று பெயர். பாஸ்போர்ட்டுக்கு ஒரு கேபிள், கார் லைசென்ஸுக்கு ஒரு கேபிள். நேராகக் கவுண்டரில் போய் நிற்பவனைப் பார்த்தால், இவனுக்கு ஏதோ கோளாறு என்றுதான் தோன்றும்.

ஆண்டவரிடமும் ஒரு கேபிள் வைத்திருந்தேன். என் மனைவி. இருபத்திரண்டு வருஷமாக, வேண்டியதை அவளிடம் சொல்வேன். அவள் கட்டிலோரம் முழங்காலில் நின்று மேலே சொல்வாள். பிரிக்பீல்ட்ஸ் சபையில் ஆமென் சொல்வதோடு என் வேலை முடிந்தது. என் வண்டவாளம் அவருக்குத் தெரியும். நானே போய் நின்றால் பழைய ஃபைலைத் தூக்கிவிடுவாரோ என்று சந்தேகம்.

"பெத்த அப்பா வீட்டுக்குப் போக யாராச்சும் சிபாரிசு தேடுவாங்களா?" என்பாள்.

"எங்கப்பாவைப் பத்தி உனக்குத் தெரியாது" என்று நழுவிவிடுவேன்.

போன வருஷம் அவள் கர்ப்பப்பையில் ஒரு கட்டி. கிள்ளானில் ஆபரேஷன். "எடுத்துப் பார்த்தாதான் அங்கிள், நல்லதா கெட்டதான்னு சொல்ல முடியும்" என்று டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னார். ஏன் சிரித்தார்?

அன்று காலை சுபாங் ஜெயாவிலிருந்து கிளம்பினோம். வழியில் ஜாம் இல்லை. அதுவே எனக்குச் சரியாகப் படவில்லை. வார்டில் நர்ஸ் எனக்கு நாற்காலி போட்டாள். கெட்ட சேதி வைத்திருப்பவர்கள்தானே புருஷனை உட்காரச் சொல்வார்கள்? கையெழுத்துப் போடவேண்டிய ஃபாரத்தை மலாயில் ஒரு தடவை, ஆங்கிலத்தில் ஒரு தடவை படித்தேன், இரண்டும் ஒன்றைத்தான் சொல்கின்றனவா என்று பார்க்க.

தியேட்டருக்குக் கொண்டுபோகத் தள்ளுவண்டியில் படுக்க வைத்ததும் அவள் சொன்னாள்: "பயமா இருக்குங்க. ஜெபம் பண்ணுங்க."

இருபத்திரண்டு வருஷத்தில் அவள் பயம் என்று சொல்லி நான் கேட்டதில்லை.

"இரு, பாஸ்டரைக் கூப்பிடறேன்." மணி அடித்தது, எடுக்கவில்லை. செமினியில் இருக்கும் அவள் அக்காவுக்கு அடித்தேன். தூங்கும்போதுகூடப் போனைக் கையில் பிடித்திருக்கிற மனுஷி. அவளும் எடுக்கவில்லை.

வண்டி தள்ளுகிற பையன் பிரேக்கை எடுத்துவிட்டான்.

"ரெண்டு நிமிஷம் பாஸ். ஜெபம்."

"பண்ணுங்கண்ணே. லிஃப்ட் வரணும்லா."

வேறு வழியில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "ஆண்டவரே, நான்தான்" என்று ஆரம்பித்து, முழுப் பெயரைச் சொன்னேன். பிரிக்பீல்ட்ஸ் சபை, கடைசிக்கு முந்தின வரிசை, தூணுக்குப் பக்கம் என்று அடையாளமும் சொன்னேன்.

"ஐசி கார்டு நம்பரும் கொடுத்துடுங்க" என்றாள், கண்ணைத் திறக்காமல். பையன் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது.

லிஃப்ட் வந்துவிட்டது. அதற்குமேல் பவ்யமாகப் பேச என்னிடம் எதுவும் இல்லை. "நான் நல்லவன் இல்லைன்னு உங்களுக்குத் தெரியும். அதுக்காக இவளை வெச்சுக்காதீங்க. திருப்பிக் கொடுத்துடுங்க. எனக்குப் பயமா இருக்கு."

கதவு மூடும்போது அவள் ஆமென் சொல்வது கேட்டது.

அந்தச் சந்தேகமான நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். யாரும் என்னை விரட்டவில்லை. எந்த ஃபைலும் வெளியே வரவில்லை. கொஞ்சம் துணிச்சல் வந்து, அடுத்த மூன்று மணி நேரமும் அதையே கேட்டேன். திருப்பிக் கொடுங்க, திருப்பிக் கொடுங்க. கடன்காரன்கூட அப்படி நச்சரித்திருக்க மாட்டான்.

கொடுத்தார். பத்தாம் நாள் ரிப்போர்ட் வந்தது. கெட்ட கட்டி இல்லை. அதையும் இரண்டு தடவை படித்தேன்.

அன்று சாயந்திரம் நன்றி ஜெபத்துக்குப் பாஸ்டரும் அக்காவும் வீட்டுக்கு வந்தார்கள்.

"அன்னைக்குக் கூப்பிட்டீங்க போல, பிரதர். போன் சைலன்ட்ல இருந்துச்சு" என்றார் பாஸ்டர், தேநீரைப் பார்த்துக்கொண்டு.

"என்னோடதும் சைலன்ட்ல இருந்துச்சு தம்பி" என்றாள் அக்கா, அதைவிட வேகமாக.

இரண்டு போனும், ஒரே காலையில், ஒரே நேரத்தில். நான் மெதுவாக மனைவி பக்கம் திரும்பினேன்.

"எடுக்க வேணாம்னு நீதானே சொல்லி வெச்சே?"

"மயக்கம் இன்னும் தெளியலங்க" என்று சொல்லி அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.