விற்காத முகே

மே முதலாம் திகதி பாரிசில் யாரும் தெருவில் நின்று, அன்று ஒருவருக்கொருவர் வாழ்த்திக் கொடுக்கும் முகே என்ற பூவை விற்கலாம். கடை வேண்டாம், அனுமதிப் பத்திரம் வேண்டாம். காட்டில் தானாக வளர்ந்ததைப் பறித்திருக்க வேண்டும், வேரோடு பிடுங்கியிருக்கக் கூடாது, பூக்கடைக்குப் பக்கத்தில் நிற்கக் கூடாது. இவ்வளவுதான் விதி. இந்தச் செய்தியை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தவர் சித்தப்பா.

அப்போது நான் நாலாம் வகுப்பில் படித்தேன். மார்க்ஸ் டோர்மோயில் எங்கள் வீட்டு சோபாவில்தான் சித்தப்பா படுப்பார். அவருடைய அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு, மேன்முறையீடும் நிராகரிக்கப்பட்டிருந்தது. வீட்டில் இதைச் சித்தப்பாவுக்குக் காட் இல்லை என்றே சொல்வார்கள். என்னிடம் நூலகக் காட் ஒன்று இருந்தது. தொலைத்தால் இன்னொன்று தருவார்கள். ஆகவே இது அப்படியொரு பெரிய விஷயமாக எனக்குப் படவில்லை. பொலிஸ் மறித்தால் விமானத்தில் ஏற்றி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று அப்பா சொன்னதையும் கேட்டிருக்கிறேன். ஊரில் சண்டை நடந்த காலம் அது. ஆனால் நான் விமானத்தில் ஏறியதே இல்லை. சித்தப்பாவின் மேல் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

காட் இல்லாததால் உணவக வேலை போயிருந்தது. அவர் மெத்ரோவில் ஏறுவதில்லை, பெரிய வீதியில் நடப்பதில்லை. லா ஷப்பலில் சாமான் வாங்கப் போனாலும் ரூ பிலிப்-து-ஜிரார் வழியாகச் சுவரோரமாகப் போய், அதே வழியில் திரும்பிவிடுவார். மற்ற நேரமெல்லாம் வீட்டில் இருந்து வெங்காயம் உரிப்பார். அம்மா வேண்டாம் என்றாலும் உரிப்பார்.

ஒருநாள் சாப்பாட்டு மேசையில் முகே விற்கப் போவதாகச் சொன்னார். அப்பா சோற்றுக் கோப்பையிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"அண்டைக்கு ஆரும் விக்கலாமாம், அண்ணை. ஒண்டும் கேக்க மாட்டாங்களாம்."

"முகே விக்கத்தான் விட்டிருக்கிறாங்கள். உன்னை விடேல்லை."

சித்தப்பா முடிவு செய்துவிட்டார் என்பது அவர் சோற்றைப் பிசைந்த விதத்திலேயே தெரிந்தது. அம்மாவும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டார். அவர் வெங்காயம் உரிப்பதை இனிமேலும் பார்த்துக்கொண்டிருக்கத் தன்னால் முடியாது என்றார். பிரெஞ்சு பேச ஆள் வேண்டும் என்று நானும் சேர்ந்தேன்.

ரயிலில் சித்தப்பாவை மறிப்பார்கள் என்பதால் முதல்நாள் காட்டுக்கு அம்மாவும் நானும்தான் போனோம். மரங்களுக்கு அடியில் முகே நிலத்தை மூடிக்கிடந்தது. அகன்ற இரண்டு இலைகள், அவற்றின் நடுவே மெல்லிய ஒரு தண்டு, அதில் வரிசையாகத் தலைகுனிந்த வெள்ளை மணிகள். வாசனை முழங்காலுக்குக் கீழேயே நின்றது, குனிந்தால்தான் கிடைத்தது. அம்மா கத்தரிக்கோலால் வெட்ட வெட்ட, வேர் வந்திருக்கிறதா என்று நான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். விதி விஷயத்தில் நான் கண்டிப்பானவள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா இலைகளை எல்லாம் கழித்துக் குப்பைப் பையில் போட்டுவிட்டார். பூ என்றால் அவருக்குப் பூ மட்டும்தான். மாதா சுரூபத்துக்குக் கட்டுவது போலவே தண்டுகளை அடுக்கி நூலால் நெருக்கமாகக் கட்டினார். வாளி நிறைய வெள்ளைச் சரம். அப்பாகூட வந்து ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் லா ஷப்பல் மெத்ரோப் பாலத்துக்குக் கீழே சித்தப்பாவும் நானும் நின்றோம். அவர் வெளுத்த சட்டை போட்டு, தலையை ஒழுங்காக வாரியிருந்தார். போகிறவர்கள் பார்த்தார்கள், சிரித்தார்கள், போய்விட்டார்கள். தெரிந்த கடைக்கார அண்ணை ஒருவர் மட்டும் நின்றார்.

"என்னடாப்பா, ஆருக்குக் கலியாணம்?"

கடைசியில் ஒரு பிரெஞ்சுக் கிழவி சரத்தைத் தொட்டுப் பார்த்து, இலை எங்கே என்று கேட்டார். இலையில்லாத முகேயை இந்த ஊரில் யாரும் யாருக்கும் கொடுப்பதில்லை என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. சித்தப்பாவிடம் சொன்னேன். அவர் வாளியைப் பார்த்தார். வீட்டுக்குப் போவோம் என்பார் என்று நினைத்தேன்.

"ஓடிப்போய் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா. குப்பைப் பையையும் கொண்டுவரச் சொல்லு."

நல்லவேளை, குப்பை கீழே இறங்கியிருக்கவில்லை. அம்மா பாலத்தின் தூணடியில் குந்தியிருந்து, தான் கட்டிய சரத்தையெல்லாம் தானே அவிழ்த்தார். ஒவ்வொரு தண்டுக்கும் இரண்டு இலை வைத்துச் சித்தப்பா கட்டினார். சில இலைகளில் தேயிலைத்தூள் ஒட்டியிருந்தது. அவற்றை நான் துடைத்தேன். அதன் பிறகு பூ போகத் தொடங்கியது. அம்மா சமைக்கப் போய்விட்டார்.

மத்தியானத்துக்குப் பிறகு இரண்டு பொலிஸ் எங்களை நோக்கி வந்தார்கள். ஒருவர் பெண். சித்தப்பா பின்னால் ஒருமுறை பார்த்தார். பிறகு இரண்டு கால்களையும் சேர்த்து வைத்து நேராக நின்றார். அந்தப் பெண் குனிந்து வாளியைப் பார்த்து என்னவோ கேட்டார்.

"என்னவாம் பிள்ளை?"

"வேரோடை பிடுங்கினதோ எண்டு கேக்கிறா, சித்தப்பா."

சித்தப்பா ஒரு கொத்தைத் தலைகீழாகப் பிடித்து, வெட்டிய நுனியைக் காட்டினார். வெள்ளை மணிகள் எல்லாம் நிற்காமல் ஆடின. சித்தப்பாவுக்குக் குளிர்கிறது என்று நான் அந்தப் பெண்ணுக்கு விளக்கம் சொன்னேன். வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அவர் என்னையும் சித்தப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒரு கொத்து வாங்கி, சட்டைப்பையில் செருகிக்கொண்டு, இனிய மே முதலாம் திகதி என்று வாழ்த்திவிட்டுப் போனார்.

சாயந்தரம் ஒரே ஒரு கொத்து மிஞ்சியது. எல்லாவற்றையும் விற்றுவிட்டுத்தான் போவது என்று நான் காலையிலேயே தீர்மானித்திருந்தேன். அதற்கேற்றாற்போல் ஒருவர் வந்து அதைக் கேட்டார். சித்தப்பா தலையாட்டி மறுத்துவிட்டார். அந்த மனிதர் என்னைப் பார்த்தார். நான் சித்தப்பாவைப் பார்த்தேன்.

"இது விக்கிறதுக்கில்லை எண்டு சொல்லு."

சொன்னேன். வெட்கமாக இருந்தது. நாள் முழுவதும் விற்க நின்றவர் கடைசி ஒன்றை மட்டும் விற்க மறுப்பது என்ன வியாபாரம்? அம்மாவுக்கு வைத்திருக்கிறார் என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்துச் சமாதானமானேன்.

வீட்டுக்குப் பெரிய வீதியால் போனோம். வாளியை நான் தூக்கினேன். சித்தப்பா நடைபாதையின் நடுவே, அந்தக் கொத்தை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு நடந்தார். பொலிஸ் வண்டி ஒன்று ஓரமாக நின்றது. அவர் மற்றப் பக்கம் மாறவில்லை. பூவைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்து, ஒரே நடையில் அதைக் கடந்தார். வேகமாக நடக்கச் சொன்னேன். மெதுவாகவே வந்தார். கடைக் கண்ணாடிகளை எல்லாம் நின்று பார்த்தார்.

எங்கள் கட்டடத்துக் கதவு பின்னால் சாத்திக்கொண்டதும், அந்தக் கொத்தைக் கடிதப் பெட்டிகளின் மேல் வைத்துவிட்டுப் படியேறினார். அம்மாவுக்கு இல்லையா என்று கேட்டேன். "உனக்கு வேணுமெண்டால் எடு" என்றார், திரும்பிப் பார்க்காமல்.

நல்ல கொத்து. வாடக்கூட இல்லை. விற்றிருக்கலாமே என்று எனக்கு அன்று இரவு முழுவதும் ஆத்திரமாக இருந்தது.