மாப்பிள்ளை தலையணையில் மஞ்சள் பஞ்சு

சுவருக்குப் பஞ்சு வைத்த வீட்டிலிருந்து, “வரும்போது டாக்டரையும் கூட்டிட்டு வாங்க” என்று போன் வந்தது எனக்கு ஒரே ஒரு முறைதான். செய்தவர் பொள்ளாச்சிக் கொப்பரை வியாபாரி வேலுச்சாமி அண்ணன்.

“ஏனுங்க, மாப்பிள்ளைக்கு மூஞ்சியெல்லாம் தடிச்சுப்போச்சுங்க. உங்க செவுத்துல என்னமோ இருக்குதுங்க.”

தொண்ணூறுகளில் கோவை மில்களின் குளிர்காற்று போகும் ஏசி டக்ட்டுக்குக் கிளாஸ் ஊல் சுற்றுவதுதான் என் தொழில். வீடு ஒன்றில் வேலை எடுத்தது அண்ணன் வீட்டில்தான் முதல். அண்ணனின் மாப்பிள்ளைக்கு வால்பாறை எஸ்டேட் ஆபீசில் உத்தியோகம். குளிரில் பழகிய உடம்பு. மறுவீட்டுக்கு வந்தவர் மேற்கு வெயில் தாக்கும் அறையில் ராத்திரி முழுக்க வெந்துவிட்டு, விடிந்ததும் பஸ் ஏறிவிட்டார். அதோடு மகள் வரத்தும் நின்றது. அண்ணியின் கண்ணீர் நிற்கவில்லை. பழைய வீட்டைப் புதுப்பிக்கும்போது அண்ணன் என்னைக் கூப்பிட்டு, “மாப்பிள்ளை ரெண்டு நாள் தங்கற மாதிரி பண்ணிக் குடுங்க” என்றார். அவர் கொடுத்த ஸ்பெசிஃபிகேஷன் அவ்வளவுதான்.

சுவரில் ரீப்பர் கட்டை அடித்து, வெயில் சூடு உள்ளே இறங்காதபடி நடுவே கிளாஸ் ஊல் வைத்து, ப்ளைவுட் போட்டு மூடி, ஏசியும் மாட்டினோம். மாப்பிள்ளை வந்து ஒரு ராத்திரி தங்கினார்; விடிந்ததும்தான் அந்தப் போன். கிளாஸ் ஊல் கண்ணாடி இழை. பார்க்க மஞ்சளாக, மெத்தென்று இருக்கும். தொட்டால் தோலில் ஏறி அரிக்கும். எங்கள் ஆட்கள் அதைச் சொல்வது பஞ்சு என்றுதான்.

டாக்டரைக் கூப்பிடுமுன் நான் மட்டும் போய்ப் பார்த்தேன். மாப்பிள்ளை கன்னத்தைச் சொறிந்தபடியே, “ரூமு ஜில்லுனு இருக்குதுங்க, ஒரு கொறையும் இல்லீங்க” என்றார். மரியாதைக்கார மனிதர். ப்ளைவுட் ஜாயின்ட்டைத் தடவிப் பார்த்தேன். எங்கும் இடைவெளி இல்லை. கட்டிலில் பூப்போட்ட புதுத் தலையணை ஒன்று கிடந்தது. அதை அமுக்கிய கை அரித்தது.

“இதுக்குள்ள என்னங்க?”

அண்ணி பெருமையாகச் சொன்னார்: “உங்க பஞ்சுதானுங்க. மிச்சம் கெடந்துது. தங்கமாட்டம் இருக்குதே, வீணாப் போகக்கூடாதுன்னு மாப்பிள்ளைக்குத் தெச்சுப்போட்டேன்.”

சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. பேக்கிங் டேப்பை மாப்பிள்ளை கன்னத்தில் ஒட்டி ஒட்டி உரித்தேன். இழை எடுக்க எங்கள் தொழிலில் அதுதான் வைத்தியம். அண்ணியின் முகம் வெளுத்திருந்தது.

“அப்ப அந்த இன்னொண்ணு?” என்றார் மெதுவாக.

“எந்த இன்னொண்ணுங்க?”

“சம்பந்தியம்மாளுக்குக் கழுத்து வலின்னாங்களே. நேத்து வால்பாறை பஸ்ஸுல குடுத்து உட்டுப்போட்டனுங்க.”

மாப்பிள்ளை டேப் ஒட்டிய முகத்தோடு கொஞ்சம் யோசித்தார்.

“மாமா, நான் இன்னும் ஒரு வாரம் இங்கியே இருந்துக்கறனுங்க.”

தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வேலை முடிந்ததும் மிச்ச கிளாஸ் ஊலைத் துணுக்கு விடாமல் வண்டியில் ஏற்றிவிடுங்கள். வீட்டுக்காரர் காதில் விழும்படி அதைப் பஞ்சு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.